கணக்கில் வராத பயணம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது விடியுமுன்னே மிதிவண்டிகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே போவதைக் காணலாம். பிழைப்புக்காக மிதிப்பவர்கள் அல்லர். வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்து, ஒரு நாளேனும் காற்றை எதிர்கொண்டு போக விரும்புகிறவர்கள். புறப்படுமுன் இவர்கள் செய்யும் சிறு சடங்கு ஒன்று உண்டு. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, கைப்பிடியில் பொருத்திய கருவியையோ கைப்பேசியையோ குனிந்து பார்த்து, செயற்கைக்கோள்களின் உதவியால் அது தம் இருப்பிடத்தைக் கண்டுகொள்ளும்வரை காத்து நிற்கிறார்கள். கருவி ஒலித்ததும் பொத்தானை அழுத்துகிறார்கள். அதன் பிறகுதான் முதல் மிதி.

நமக்குப் பழக்கமான வங்கி அலுவலர் ஒருவரும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர். ஐம்பதைக் கடந்தவர்; மருத்துவர் சொன்னார் என்று மிதிவண்டி ஓட்டத் தொடங்கி, நாளடைவில் மருத்துவரை மறந்து மிதிவண்டியையே நேசிக்கத் தொடங்கியவர். ஒரு நாள் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பியவரின் முகம் வாடியிருந்தது. "கோவளம் தாண்டினதும் சார்ஜ் தீர்ந்துபோச்சு சார். பாதிப் பயணம் வீணாப் போச்சு" என்றார். காற்று எப்படியிருந்தது என்று கேட்டோம். நல்ல காற்றுதான் என்றார், வேறு யாருக்கோ வீசிய காற்றைப் பற்றிச் சொல்வதுபோல.

"வீண்" என்ற அந்தச் சொல் நம்மை விடவில்லை. கால்கள் மிதித்தன, நெஞ்சு விரிந்து சுருங்கியது, கடலும் கண்ணில் பட்டது. இவற்றுள் எது வீணாயிற்று? பதிவாகவில்லை என்பதைத் தவிர அந்தப் பயணத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு குறை மற்ற நிறைவுகள் அனைத்தையும் விழுங்கிவிட்டது. ஸ்ட்ராவாவில் ஏறாத பயணம் நடக்காத பயணம் என்று மிதிவண்டியாளர்கள் பல நாடுகளிலும் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. வேடிக்கைதான், ஆயினும், நேராகச் சொல்லக் கூசுகிற பலவற்றை மனிதர் வேடிக்கை என்ற போர்வையில்தானே சொல்கிறார்கள்?

ஸ்ட்ராவா என்பதை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். 2009-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட செயலி அது. சுவீடிய மொழியில் "பாடுபடு" எனப் பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து வந்தது பெயர். அதைத் தொடங்கிய மார்க் கெய்னி, மைக்கேல் ஹார்வத் இருவரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் படகுக் குழுவில் ஒன்றாகத் துடுப்பு வலித்தவர்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்த பின், அந்தப் படகுத்துறைத் தோழமையை எப்படி மீட்பது என்ற ஏக்கமே இதற்கு வித்து என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பேராசையில் பிறந்த பொருளன்று, பிரிவில் பிறந்தது.

அது இயங்கும் முறை எளிது. நாம் சென்ற வழி நிலப்படத்தின் மேல் ஒரு கோடாக விழுகிறது. தூரம், நேரம், ஏறிய உயரம், சராசரி வேகம் எல்லாம் அருகே எண்களாக நிற்கின்றன. சாலையின் குறிப்பிட்ட துண்டுகளுக்கு, பெரும்பாலும் ஏற்றங்களுக்கு, தனிப் பெயர்கள் உண்டு. அத்துண்டைக் கடந்த அனைவரையும் விரைவு வரிசையில் செயலி அடுக்கிக் காட்டுகிறது. முதலில் நிற்பவர் ஆணாயின் மலைகளின் அரசர், பெண்ணாயின் அரசி. நேற்றைய நம்மை இன்றைய நாம் வென்றோமா என்பதையும் அது சொல்லும். நண்பர்கள் பார்த்து ஒரு பாராட்டுக் குறியை அழுத்துவார்கள். அதற்குக் "கூடோஸ்" என்று பெயர். பழைய கிரேக்க மொழியில் புகழ் என்று பொருள்படும் சொல் அது. இச்சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

அளப்பதே தீது என்று சொல்லிவிட்டால் வேலை எளிதாகிவிடும். ஆனால் அது உண்மையன்று. மிதிவண்டியும் அளவுகோலும் ஏறக்குறைய உடன்பிறந்தவை. கர்ட்டிஸ் வீடர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் சிறிய தூரமானி 1895-இலேயே வந்துவிட்டது. சக்கரக் கம்பியில் மாட்டிய முளை, சுற்றுக்கு ஒரு முறை அதன் பல்சக்கரத்தைத் தட்டும், எண்கள் நகரும். அதற்கும் முன்பே, 1893-இல், பாரிஸ் நகரின் ஓடுதளத்தில் ஆன்றி தெகிராஞ்சு என்பவர் ஒரு மணி நேரத்தில் 35.325 கி.மீ. ஓட்டி, எத்தனை தூரம் என்பதை உலகுக்கு அறிவித்தார். பத்தாண்டு கழித்து, 1903-இல், பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அந்த ஒரு மணி நேரச் சாதனையை 1972-இல் மெக்சிகோ நகரில் 49.431 கி.மீ. ஆக உயர்த்தினார் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ். அதன்பின் அவர் அதை மீண்டும் முயலவே இல்லை. தம் வாழ்வில் ஒரு மணி நேரத்தை அவர் எண்ணுக்குக் கொடுத்தார். பிறகு வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்.

இறங்க முடியாமற் போனதே இன்றைய புதுமை. வீடரின் கருவி சக்கரம் எவ்வளவு உருண்டது என்பதை மட்டும் சொல்லிற்று. அண்டை வீட்டார் எவ்வளவு உருண்டார், போன ஆண்டு இதே நாளில் நாம் எவ்வளவு உருண்டோம் என்றெல்லாம் அது கேட்கவில்லை. இன்றோ பால் வாங்கப் போகிறவரும் மெர்க்ஸின் ஓடுதளத்தில் ஏற்றப்பட்டுவிடுகிறார். பந்தயம் என்று யாரும் அறிவிக்கவில்லை. பந்தயத்தில் சேர்கிறீர்களா என்று ஒவ்வொரு காலையும் யாரும் கேட்பதுமில்லை.

இது இன்பத்தை உண்மையிலேயே குறைக்கிறதா? அல்லது பழமை விரும்பிகளின் புலம்பலா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். உருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல், நடத்தல், நூல் வாசித்தல் போன்ற எளிய செயல்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு சாராருக்கு, எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்ற எண் கண்முன் இருந்தது, மறுசாராருக்கு இல்லை. எண்ணைக் கண்டவர்கள் அதிகம் செய்தார்கள். ஆனால் குறைவாகச் சுவைத்தார்கள். எண்ணை அகற்றிய பின், செயலைத் தொடரும் விருப்பமும் அவர்களிடம் குன்றியிருந்தது. சுவைக்காகச் செய்த செயல், எண் வந்ததும், வேலைபோல் ஆகிவிட்டது என்பது அவர் விளக்கம். அதே ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு: தொடக்கத்திலேயே பயன் கருதிச் செய்யும் செயலில் இந்த இழப்பு நேரவில்லை. நம் வங்கி அலுவலர் மருத்துவருக்காக ஓட்டிய நாளில் கருவி அவரிடமிருந்து எதையும் பறித்திருக்காது. அவர் மிதிவண்டியை நேசிக்கத் தொடங்கிய பிறகே பறிகொடுக்க அவரிடம் ஏதோ இருந்தது.

ஏன் இப்படி நேர்கிறது என்பதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, வெகு காலத்துக்கு முன்பே சிந்தித்தவர் ஒருவர் உண்டு. அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் பத்தாம் பகுதியில் இன்பத்தைப் பற்றி ஆராய்கிறார். புனித தாமஸ் அக்குவினாஸ் உரை எழுதிய நூல் அது. ஒவ்வொரு செயலுக்கும் அதற்கே உரிய இன்பம் ஒன்று உண்டு என்பது அவர் கருத்து. அவ்வின்பம் செயலைக் கூர்மையாக்கி வளர்க்கிறது. வடிவியலில் இன்பம் காண்கிறவனே வடிவியலில் தேறுகிறான். வேறொரு செயலுக்குரிய இன்பம் குறுக்கிடும்போதோ, அது துன்பத்தைப் போலவே செயலைக் கெடுத்துவிடுகிறது. குழலிசையில் மயங்குகிற ஒருவன் அறிஞர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கையில் எங்கோ குழல் ஒலித்தால், பேச்சு அவன் செவியில் ஏறுவதில்லை. நாடக அரங்கில் நடிப்பு சோர்ந்த வேளையில்தான் மக்கள் தின்பண்டத்தை மிகுதியாகத் தின்கிறார்கள் என்று ஓர் எடுத்துக்காட்டும் தருகிறார். நம் திரையரங்குகளை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

மிதிவண்டிக்கே உரிய இன்பம் எது? தன் உடலின் வலுவால் மட்டுமே நகர்கிறோம் என்ற உணர்வு. சாலை மெல்ல உயர்வதைக் கண்ணுக்கு முன் தொடை அறிந்துகொள்வது. எதிர்க்காற்று திடீரென்று நின்றுபோகும்போது வண்டி தானாக முன்னே பாய்வதுபோல் தோன்றுவது. முட்டுக்காட்டில் உப்பங்கழியின் வாடை. ஏற்றம் முடிந்து, மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு இறங்குவது. இவற்றுள் எதுவும் முடிவில் கூலியாகக் கிடைப்பதில்லை. ஓட்டும்போதே முழுமையாக இருக்கிறது. பாதி வழியில் மழை வந்து திரும்பினாலும் அதுவரை ஓட்டியது குறைப்பட்டுப் போவதில்லை. வீடு கட்டுவதைப் பாதியில் நிறுத்தினால் கையில் மிஞ்சுவது பாதி வீடு. காட்சியைக் காண்பதை இடையில் நிறுத்தினால், அதுவரை கண்டதைப் பாதிக் காட்சி என்று யார் சொல்வார்?

கருவி தருவதும் இன்பமே. ஆனால் அது வேறு இன்பம்: ஏறிய எண்ணின் இன்பம், வரிசையில் ஓர் இடம் முன்னேறியதன் இன்பம். வாதத்துக்கு நடுவே ஒலிக்கும் குழல் அது. கைப்பிடியில் எண் மாறிக்கொண்டே இருக்கும்போது கண் அங்கே போகிறது. கண் போன இடத்துக்கு மனமும் போகிறது. காண்பதாக இருந்த பயணம் வீடு கட்டுவதாக மாறிவிடுகிறது. 99.7 கி.மீ. ஓட்டிக் களைத்து வந்தவர், வீட்டு வாசலில் இறங்காமல், எண் நூறாகும்வரை தெருவைச் சுற்றிச் சுற்றி வருவதை மிதிவண்டியாளர் எல்லாரும் அறிவார்கள். அந்த 300 மீட்டரில் அவர் எதைக் கண்டார்?

எல்லா எண்ணும் இப்படியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுதோறும் எண்ணிட்ட பலகை நிற்கிறது. மிதிவண்டியில் ஏறுகிறவர் அப்பலகைகளை ஆவலோடு தேடுகிறார். நாற்பதைக் கண்டால் முகம் மலர்கிறது. ஆனால் அது மலையின் எண், நம் எண்ணன்று. முந்தி வந்தவருக்கும் பிந்தி வந்தவருக்கும், பேருந்தில் தூங்கிக்கொண்டு போகிறவருக்கும் அது ஒன்றே. அந்த எண் நம்மை மலையோடு பிணைக்கிறது.

பதிவுக் கருவியால் நன்மை பெற்றோர் பலர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சோம்பியிருந்த உடல்களை அது தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. பயிற்சியாளருக்கு அது கண். தனியே போகும் பெண் எங்கே இருக்கிறாள் என்பதை வீட்டார் அறிந்துகொள்ள வழி செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விடியுமுன் தன்னந்தனியாக ஓட்டுகிற நடுவயது மனிதருக்கு, தம் பயணத்தை யாரோ பார்த்தார்கள் என்ற ஆறுதலைத் தருகிறது. காணப்பட வேண்டும் என்ற ஏக்கத்தை நாம் எளிதில் பழித்துவிடக் கூடாது. நகரத்து வாழ்வில் ஒருவரை ஒருவர் விசாரிக்கும் வழக்கம் அருகிப்போன பிறகு, அந்தச் சிறு பாராட்டுக் குறி "சாப்பிட்டீர்களா?" என்ற பழைய விசாரிப்பின் இடத்தில் வந்து நிற்கிறது. அதன் வறுமை வேறு செய்தி.

ஆனால் கூடோஸ் என்றால் புகழ் என்று கண்டோம். புகழைப் பற்றிப் புனித தாமஸ் கூறுவது இங்கே பொருந்தும். புகழை விரும்புவது தன்னளவில் தீமையன்று என்கிறார் அவர். வீண்புகழை விரும்புவதே தீமை. புகழ் மூன்று வகையில் வீணாகலாம். எதற்காகப் புகழ் தேடுகிறோமோ அப்பொருள் அதற்குத் தகுதியற்றதாக இருக்கலாம். யாரிடமிருந்து தேடுகிறோமோ அவர்களின் மதிப்பீடு உறுதியற்றதாக இருக்கலாம். அல்லது அப்புகழ் இறைவனின் மாட்சிக்கோ பிறரின் நன்மைக்கோ உதவாமல் தன்னிலேயே முடிந்துவிடலாம். இவ்வளவு பொறுமையாகப் பிரித்துப் பார்த்த ஒருவர், கட்டைவிரலால் ஒரு நொடியில் அழுத்தி, எதை அழுத்தினோம் என்பதையே மறந்துபோகும் பாராட்டை எந்த வகையில் சேர்த்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். இரண்டாம் வகை என்றுதான் தோன்றுகிறது. பாராட்டுகிறவர் நம் பயணத்தைக் காணவில்லை. அதன் எண்ணைத்தான் கண்டார்.

எண்ணே பயணத்தின் இடத்தைப் பிடித்துவிட்டால் பயணமே தேவையில்லை என்ற நிலையும் வரும். 2024-இல் இந்தோனேசியாவில் இது நேர்ந்தது. கூலி பெற்றுக்கொண்டு, பிறருடைய கணக்கில் ஸ்ட்ராவாவைத் திறந்து, அவர்களுக்காக ஓடியும் மிதித்தும் கொடுக்கும் இளைஞர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விலை. அவர்களுக்குக் குதிரையோட்டி என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். வீட்டில் இருந்தவருக்குப் புகழ். ஓடியவருக்கு வியர்வையும் கூலியும். நகைக்கத் தோன்றுகிறது. ஆயினும் கருவி நின்றதால் தம் பயணம் வீணாயிற்று என்று வருந்துகிறவரும், ஓடாமலே எண் பெற்றதால் மகிழ்கிறவரும் ஒரே கொள்கையின் இரு கோடிகளில் நிற்கிறார்கள் என்பதை நினைத்தால் நகைப்பு அடங்கிவிடுகிறது.

துயரமான இன்னொரு கோடியும் உண்டு. 2010 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரை அடுத்த மலைப் பூங்காவில், மிதிவண்டியில் இறக்கத்தில் விரைந்த 41 வயது மனிதர் ஒருவர் விபத்தில் இறந்தார். அந்த இறக்கத்தில் ஸ்ட்ராவா பட்டியலில் தாம் இழந்திருந்த முதலிடத்தை மீட்க முயன்றிருந்தார். குடும்பத்தினர் 2012-இல் வழக்குத் தொடுத்தனர். 2013-இல் அது தள்ளுபடியாயிற்று. மிதிவண்டி ஓட்டுகிறவர் அதன் இடர்களைத் தாமே ஏற்கிறார் என்பது சட்டத்தின் பார்வை. சட்டம் அவ்வளவில் நின்றுவிடலாம். அவருக்கு அந்த இறக்கத்தின் மேல் ஏற்கெனவே ஒரு காதல் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கடி அங்கே போயிருக்க மாட்டார். அந்தக் காதல் எப்போது பட்டியலுக்குக் கைமாறிற்று என்பதை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

பதிவாகாத பயணம் நடக்காத பயணமா என்ற வினாவுக்கு இத்தாலியில் ஒரு விடை இருக்கிறது. கோமோ ஏரிக்கு அருகே கிசால்லோ என்னும் குன்றின் உச்சியில் அன்னை மரியாவின் சிற்றாலயம் ஒன்று உண்டு. 1949 அக்டோபர் 13 அன்று திருத்தந்தை 12-ஆம் பயஸ், கிசால்லோ அன்னையை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். அதன் உள்ளே புகழ்பெற்ற வீரர்களின் மிதிவண்டிகள் தொங்குகின்றன. 1995-இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் இறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ கசார்தெல்லியின் நெளிந்த வண்டியும் அங்கே இருக்கிறது. ஜினோ பார்த்தலியின் வண்டியும் இருக்கிறது.

பார்த்தலி 1938-இலும் 1948-இலும் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றவர். கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பொதுநிலையினர். இவ்விரு வெற்றிகளுக்கும் இடையே போர். 1943-லும் 1944-லும், ஜெர்மானியர் பிடியில் இருந்த இத்தாலியில், யூதர்களை மறைத்துக் காக்க ஃபிளாரன்சின் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா உருவாக்கிய வலைப்பின்னலுக்காக, பார்த்தலி போலி அடையாளத் தாள்களைத் தம் வண்டியின் குழாய்களுக்குள் சுருட்டி வைத்து, ஃபிளாரன்சிலிருந்து அசிசிக்கு 150 கி.மீ.க்கு மேல் மிதித்துக் கொண்டுபோனார். தடுத்துக் கேட்டவர்களுக்குப் பயிற்சி என்றார். போருக்குப் பின்னும் அவர் இதைப் பற்றிப் பொதுவில் பேசவில்லை. 2000-இல் இறந்தார். 2013-இல் இஸ்ரயேலின் யாத் வஷேம் நினைவகம் அவருக்கு "நாடுகளிடையே நேர்மையாளர்" என்ற சிறப்பை வழங்கியது. அவர் பங்கின் விவரங்கள் சிலவற்றை ஐயுறும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எழுதி வைக்காமல் போனவற்றுக்கு நேரும் கதிதான் அது. எழுதி வைத்திருந்தால் உயிர்கள் போயிருக்கும்.

நிலப்படத்தில் ஒரு கோடு எவ்வளவு சொல்லிவிடும் என்பதை 2018 ஜனவரியில் உலகம் கண்டது. அதற்கு முந்திய நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த உலகப் படத்தில், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் இருண்ட வெளிகளில், படைவீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய சுற்றுகள் ஒளிர்ந்து, முகாம்களின் வடிவத்தைக் காட்டிக்கொடுத்தன. ஃபிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே திரும்பத் திரும்ப ஒளிரும் ஒரு கோட்டை அன்று யாரேனும் கண்டிருந்தால்?

பார்த்தலியின் அந்தப் பயணங்களுக்கு நேரமில்லை, சராசரி வேகமில்லை, வரிசையில் இடமில்லை. அவருடைய இரு பந்தய வெற்றிகளும் நிமிடம் நொடி பிசகாமல் ஏடுகளில் உள்ளன. கிசால்லோவில் தொங்கும் வண்டியின் முன் நிற்கிற ஒருவர், எந்தப் பயணத்தை எண்ணி முழந்தாளிடுவார்?

நாம் ஒவ்வொருவரும் பார்த்தலி ஆக வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. கருவியை எறிந்துவிடச் சொல்வதும் நம் நோக்கமன்று. திரையின் மேல் காகிதத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் அதை வீட்டில் விட்டுச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் சில வாரங்கள் கை கைப்பேசியைத் தேடும் என்கிறார்கள் அவர்கள்.

பாரிஸ் பகுதியிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1,200 கி.மீ. பயணம் ஒன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறுகிறது. 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று பந்தயம் அன்று. பெரும்பாலோருக்கு உச்ச வரம்பு 90 மணி நேரம். வழியில் நிலையங்களில் ஒரு சிறு ஏட்டில் முத்திரை குத்துகிறார்கள், தரவரிசை கிடையாது. இந்தியாவிலிருந்தும் பலர் போகிறார்கள். அச்சாலையோரச் சிற்றூர்களில் மக்கள் இரவும் பகலும் மேசை போட்டு, முன்பின் அறியாத பயணிகளுக்குக் காப்பியும் தோசை போன்ற பிரெஞ்சு அப்பமும் கொடுப்பது வழக்கம். காசு வாங்குவதில்லை. அவர்களுள் ஒரு வீட்டார், ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து ஓர் அஞ்சலட்டை போடும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். களைத்து வந்தவர் கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அந்தக் கால் மணியை ஓடாத நேரம் என்று கருவி கழித்துவிடுகிறது.